நீர் அறிவீர்

வாரத்தில் ஆறு நாள்
எண்ணெய் ஆலை எடைமேடையில்
லாரி எண்களைத் தட்டுகிறவள் நான்.
எத்தனை டன் குலை, எவ்வளவு கழிவு, எந்தப் பிரிவு.
ஏழாம் நாள் அதே விரல்களால்
லாபிசில் எங்கள் சிறிய கோயிலில்
கடவுளிடம் சொல்லவேண்டியதை
வரிவரியாகத் திரையில் ஏற்றுகிறேன்.

மேலே தமிழ்.
கீழே அதே தமிழ், ரூமி எழுத்தில்:
சீனப் பள்ளிக்குப் போன நம் பிள்ளைகளுக்கும்
புளோரசிலிருந்து குலை வெட்ட வந்த
மார்செலினுசுக்கும் அவன் கூட்டாளிகளுக்கும்.
பொருள் தெரியாமல்தான் பாடுகிறார்கள்.
சுருதி மட்டும் விடுவதில்லை.
பொருள் தெரிந்தவர்கள் விடுவார்கள்.

திரையை இறக்கினால் ஆண்டவர் மறைந்துவிடுவார்.
பீடத்துப் பின்சுவரில்
லாரிக் கதவுகளுக்குப் பெயர் எழுதும் இஞ்ஞாசி வரைந்த ஞானஸ்நானம்.
பாதியில் நீலம் தீர்ந்துபோனதாம்,
மிச்சமிருந்த பழுப்பை ஊற்றி முடித்துவிட்டான்.
அதனால் அவர்
தே தாரேக் நிறத்து யோர்தானில்
முழங்கால் வரை நிற்கிறார்.
திரை இறங்கும்போது முதலில் தலை போகும்,
பிறகு கைகள், பிறகு இடுப்புத்துணி.
கடைசியில் விளிம்புக்குக் கீழே
ஒரு சாண் ஆறு மட்டும் மிஞ்சும்.
அதன்மேல்தான் எங்கள் பாட்டு நிற்கும்.

டிசம்பர். ஒன்பது நாள் மழை.
கீழ் லயத்துக் குடும்பங்கள் பள்ளி மண்டபத்தில்.
சனி இரவு, மின்சாரம் விட்டுவிட்டு வர,
கைப்பேசியிலேயே பாட்டைத் தட்டினேன்.
எங்கள் என்றதும்
அதுவாக ஒரு சொல்லை நீட்டியது.
பார்க்காமல் தொட்டேன்.

அதைக் குறை சொல்ல முடியாது.
அந்த வாரம் நான் அதற்கு ஊட்டியது ஒரே சொல்:
தண்ணீர் ஏறுதா,
தண்ணீர் பாலத்தைத் தாண்டிருச்சா,
தண்ணீரில் மாடு போச்சாம்,
குடிக்கத் தண்ணீர் எப்ப வரும்.

ஞாயிறு.
பாதரின் அங்கிக்குக் கீழே ரப்பர் சப்பாத்து.
ஆலையில் இரவல் வாங்கிய ஜெனரேட்டர்
பூசையைவிடச் சத்தமாக.
காணிக்கைப் பாட்டு.
திரையில் அரை அடி உயர எழுத்தில்:
எங்கள் தண்ணீர் எல்லாம் நீர் அறிவீர்.

பார்த்துவிட்டேன். கை போவதற்குள் பாடிவிட்டார்கள்.
மேல்வரி படித்தவர்கள் தண்ணீர் என்றார்கள்.
கீழ்வரி படித்தவர்கள் கண்ணீர் என்றார்கள்;
அதை எழுத்தெழுத்தாக நானே தட்டியிருந்தேன்,
அங்கே பிழை இல்லை.
ஒரே ராகம், ஒரே மூச்சு,
முதல் எழுத்தில் மட்டும் இரண்டு கூட்டம்.

யாரும் சிரிக்கவில்லை.
வரி திரும்பி வந்தபோது
மூன்றாம் பெஞ்சில் அடைக்கலமேரி,
வீட்டில் கட்டில்வரை சேறு,
கண்ணை மூடிக்கொண்டு, திரையைப் பார்க்காமலே
தண்ணீர் என்றாள்.
பின்னால் மார்செலினுஸ்
என்னவென்று தெரியாமல் கண்ணீர் என்றான்.
விசையிலிருந்து விரலை எடுத்துக்கொண்டேன்.

அருள் கிருள் என்று நினைக்கவில்லை.
பாதர் ஏசுவார் என்ற பயம்தான்.
அவர் ஏசவில்லை. பூசை முடிந்து அருகில் வந்து
"அந்த வரி..." என்று தொடங்கி,
குடையைத் தேடிப் போய்விட்டார்.

நேரலையை நிறுத்தும்போதுதான் கவனித்தேன்.
முப்பத்தொரு பேர் பார்த்திருக்கிறார்கள்.
கூப்பிய கைகள், ஆமென்கள், பூக்களுக்கு நடுவே
சிங்கப்பூரில் இரவு வேலை முடித்துப்
பேருந்தில் இருந்தபடி
அடைக்கலமேரியின் மகள்:
"அக்கா, கோயில்ல தண்ணி எதுவரைக்கும்?"

திரையை மெல்ல மேலே சுருட்டினேன்.
பழுப்பு ஆறு.
அதில் ஒரு காய்ந்த தூரிகை மயிர், அன்றைக்கே ஒட்டிக்கொண்டது.
முழங்கால் தெரிந்ததும் நிறுத்தி
ஒரு படம் எடுத்து அனுப்பினேன்.